அங்கொடை என்றொரு வசைச்சொல்

சில மாதங்களுக்கு முன், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் குடும்பமொன்றை அழைத்துக்கொண்டு சுதந்திர சதுக்கத்துக்கு அருகிலுள்ள ‘ஆர்கேட்’ கடைத்தொகுதிக்குப் போயிருந்தேன். வெள்ளைச் சுவர்களும் நீண்ட தாழ்வாரங்களுமாகப் பார்க்க அழகான இடம். பிள்ளைகள் ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள், பெரியவர்கள் படமெடுத்துக்கொண்டார்கள். “வெள்ளைக்காரன் கட்டினதோ? முந்தி என்னவாய் இருந்தது?” என்று உறவினர் கேட்டார். “கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலகம்” என்றேன். அது உண்மைதான். ஆனால் அரை உண்மை. அதற்கும் முன்பு அது பைத்தியசாலையாக இருந்தது என்பதை ஐஸ்கிறீம் தின்னும் பிள்ளைகள் முன்னிலையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைப் பின்னர் யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

1880களில், கறுவாத்தோட்டத்தின் ஜாவத்தைப் பகுதியில், அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஸ்மிதர் வடிவமைத்துத் தந்த மனநோயாளர் இல்லம் அது. பொரளையில் அதற்கு முன்னிருந்த இல்லம் போதாமற்போனதால் கட்டினார்கள். கட்டிச் சில வருடங்களிலேயே அதுவும் நிரம்பி வழிந்தது. கட்டடம் கூடக்கூட அதற்குள் அடைக்கப்படுவோரும் கூடுவது உலகெங்கும் கண்ட விந்தை. பின்னர் 1920களில் நகரத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒரு புதிய வைத்தியசாலையை எழுப்பி நோயாளர்களை அங்கே கொண்டுபோனார்கள். அந்த ஊரின் பெயர் அங்கொடை.

பாவம், அந்த ஊர். அங்கே பள்ளிக்கூடங்களும் கடைகளும் கோயில்களும் இருக்கின்றன. ஆனால் இந்த நாட்டில் சிங்களவரிடமோ தமிழரிடமோ அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு சிரிப்புத்தான் முதலில் வரும். வைத்தியசாலைக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாற்றியும் பலனில்லை. யாழ்ப்பாணத்தில் இதே வேலையை ‘மந்திகை’ என்ற பெயர் செய்தது. “உன்னை மந்திகைக்குத்தான் அனுப்பவேணும்” என்று கேளாமல் எங்களில் யார் வளர்ந்தோம்? சென்னைக்காரருக்குக் கீழ்ப்பாக்கம். நோய்க்கு ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க மருத்துவ விஞ்ஞானம் எவ்வளவோ மெனக்கெடுகிறது. சமூகமோ பஸ் தரிப்பிடத்தின் பெயரை எடுத்து நோயாளியின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது.

மருதானையில் நான் தங்கியிருந்த காலத்தில் அந்தப் பெயரை நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். 1996ஆம் ஆண்டுவரை.

பேராதனையில் கலைப்பட்டத்தை முடித்துக்கொண்டு பத்திரிகையில் சேர்ந்த புதிது. மருதானை ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், மேல்மாடியில், ஆறு பேர் இருந்த ஒரு விடுதி. கீழே தேநீர்க்கடை, பின்னால் தண்டவாளம். அந்த ஆறு பேரில் மூத்தவர் எங்கள் பத்திரிகையின் ஒப்புநோக்காளர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணை’ என்றே அழைத்தோம். ஒற்று மிகும் மிகாது என்பதில் அவரோடு வாதாடி வென்ற உதவி ஆசிரியர் எவருமில்லை. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். ஒரே மகன் 1990இல் வீட்டைவிட்டுப் போனவன், போனவன் போனவன்தான். 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோது மனைவி, மகளின் தொடர்பும் அறுந்தது. அலுவலகத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று, மரண அறிவித்தல்களை ஒப்புநோக்குவது. இதை ஒருவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எழுத்துப்பிழை வரக்கூடாத பக்கம் அது, பிழை விடாத ஆள் அவர், அவ்வளவுதான். அந்த மாதங்களில் ஒவ்வோர் அறிவித்தலையும் அவர் இருமுறை வாசித்தது பிழை பார்க்க மட்டுமல்ல என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தோம்.

1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. அதன்பிறகு கொழும்பின் தமிழ் விடுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மருதானை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை எங்கும் இரவில் சுற்றிவளைப்பு. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, “எதற்காக வந்தாய்? எப்போது போவாய்?” அண்ணை மெதுவாகப் பேசத் தொடங்கினார். பிறகு இன்னும் மெதுவாக. ஒரு நாள் ஜன்னலைச் சாத்திவிட்டு என் காதருகே வந்து, “தம்பி, ஆறுதலாய்க் கதையும். கேட்டுக்கொண்டிருக்கிறாங்கள்” என்றார்.

சிரிக்கவில்லை. ஏனென்றால் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கீழே தேநீர்க்கடையில் நாள்முழுவதும் ஒரே தேநீரோடு உட்கார்ந்திருந்த மனிதர் யார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவில், வானொலி நிலையம் ஒலிபரப்பை முடித்த பிறகும், அண்ணை தன் சின்ன டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். வெறும் இரைச்சல். “என்ரை பெடியன் செய்தி வாசிக்கிறான்” என்றார். சாப்பாட்டை நிறுத்தினார். தண்டவாளத்தின் பக்கம் தனியே நடக்கத் தொடங்கினார். நானும் இன்னொருவரும் அவரைக் கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துப் போனோம்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அண்ணைக்குச் சிங்களம் போதாது. ஆங்கிலத்தில் நான் மொழிபெயர்த்தேன். “பொலிஸ்காரர் இரவில் வந்து கதவைத் தட்டி எல்லாரின் பெயரையும் எழுதிக்கொண்டு போகிறார்கள்” என்றார் அண்ணை. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன். வைத்தியர் குறித்துக்கொண்டு, “எவ்வளவு காலமாக இப்படி நம்புகிறார்?” என்று கேட்டார். நான், “டொக்டர், அது நம்பிக்கை இல்லை. சென்ற கிழமையும் வந்தார்கள். என் பெயரும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது” என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். எழுதியதை வெட்டினார். பிறகு, “அப்படியானால் எதைத்தான் நோய் என்கிறீர்கள்?” என்று என்னிடமே கேட்டார்.

முப்பது வருடமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

மாயநம்பிக்கை என்பதற்கு மருத்துவ நூல்கள் வரைவிலக்கணம் தருகின்றன: சான்றுக்கு மாறாக உறுதியாகப் பற்றிக்கொள்ளும் பிழையான நம்பிக்கை, ஆனால் அவருடைய சமூகத்தவர் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஒன்றாக அது இருக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிவிலக்குக்குள்தான் எத்தனை அரசியல்! கறுவாத்தோட்டத்து வைத்தியருக்கு மாயநம்பிக்கையாகத் தெரிவது மருதானை விடுதிக்காரனுக்கு அன்றாட வாழ்க்கை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. “எங்களை இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள்” என்று அதற்கு முதல் வாரம் ஒருவர் வைத்தியரிடம் சொல்லியிருந்தால் என்ன மருந்து எழுதியிருப்பார்?

விஞ்ஞானம் இதில் குற்றமற்றது என்று யாரும் சொல்ல முடியாது. 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எசமானரிடமிருந்து தப்பியோடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாகக் கண்டுபிடித்து, அதற்குக் கிரேக்கத்தில் பெயரும் வைத்தார். சோவியத் நாட்டில் அரசை விமர்சித்தோருக்கு ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று முத்திரை குத்தி மருத்துவமனையில் பூட்டினார்கள். தன்பாலின ஈர்ப்பு 1973வரை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் பட்டியலில் ஒரு நோய். அந்த ஆண்டு டிசம்பரில் சங்கத்தின் பொறுப்பாளர் சபை வாக்களித்து அதை நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்துக்கு 1990வரை பிடித்தது. வாக்கெடுப்பினால் குணமாகிய நோய் வரலாற்றில் வேறு உண்டோ தெரியாது.

அதே 1973இல் டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியலாளர், தானும் வேறு சிலரும் குரல்கள் கேட்பதாகப் பொய் சொல்லி மனநோய் மருத்துவமனைகளில் சேர்ந்ததாக ஒரு கட்டுரை எழுதினார். சேர்ந்தபின் சாதாரணமாக நடந்தும் எவரையும் மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லையாம். அவர்கள் குறிப்பெழுதிக்கொண்டிருந்ததும் நடத்தைக் கோளாறுபோலப் பதிவானதாம். எந்நேரமும் குறிப்பெழுதும் என் தொழில்காரரெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஆனால் 2019இல் சுசானா கஹலன் என்ற பத்திரிகையாளர் பழைய தாள்களைத் தோண்டி, அந்த ஆய்வின் பெரும்பகுதி நம்பத்தகாதது என்று காட்டிவிட்டார். உளமருத்துவத்தின் மேல் எறிந்த கல்லும் சொத்தை.

நம் நாட்டவரான கணநாத் ஒபயசேகர 1985இல் எழுதியதொன்று இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது. வாழ்க்கை துக்கமயமானது, ஆசை வீண், உடல் அநித்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பௌத்த நண்பரை மேற்கத்திய மருத்துவர் மனச்சோர்வு நோயாளி என்பார். இங்கே அவர் நல்ல பௌத்தர். அதே துயரம் இங்கே தத்துவமாகத் திரள்கிறது, அங்கே நோயாகத் திரள்கிறது என்பது அவர் வாதம். நமக்கும் பொருந்தும். காயம் பொய் என்று பாடி, ஊரைவிட்டுத் திரிந்து, பிச்சையெடுத்து உண்டவர்களைச் சித்தர் என்று கும்பிடுகிறோம். ‘சித்தம் கலங்கியவர்’ என்பதும் அதே சித்தம்தான்.

இங்கே நிறுத்திவிட்டால் இந்தக் கட்டுரை மேடைப் பேச்சாகக் கைதட்டல் வாங்கும். மனநோய் என்று ஒன்றில்லை, எல்லாம் அதிகாரத்தின் கற்பனை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஆனால் வெறும் இரைச்சலில் மகனின் குரலைக் கேட்டு எலும்புந்தோலுமான ஒரு மனிதரோடு ஒரே அறையில் நான் இருந்தேன். அது கற்பனையில்லை. வைத்தியர் தந்த மாத்திரைகள் கையை நடுங்க வைத்தன, வாயை உலர்த்தின; ஆனால் மூன்றாவது மாதம் அண்ணை டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டுத் தூங்கினார். பிரான்சில் 1952இல் முதற்தலைமுறை மனநோய் மருந்து பயன்பாட்டுக்கு வராதிருந்தால் அந்தத் தூக்கம் வந்திராது. அதற்கும் முன்னரே, 1931இல், சர்ப்பகந்தா வேரின் குணத்தை கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மருத்துவ ஏட்டில் பதிவு செய்திருந்தார்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் உன்மத்தத்தை உடலின் நோயாகவும் கண்டவை. எல்லாம் பேய் என்று நம் முன்னோர் நம்பியதாகச் சொல்வதும் அரை உண்மைதான்.

மருந்தே வேண்டாம், நேர்த்தி போதும் என்பதன் முடிவை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டுப் பேர். அந்தச் செய்தியை நான்தான் அன்று மேசையில் செம்மைப்படுத்தினேன். ‘பைத்தியக்காரர்கள் கருகிச் சாவு’ என்று யாரோ போட்டிருந்த தலைப்பை ‘மனநோயாளர்’ என்று மாற்றினேன். ஒரு சொல்லை மாற்றியதோடு என் கடமை முடிந்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

சொல்லைப் பற்றிச் சொல்வதானால் என் தொழிலின் கணக்கு மோசமானது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. 1995இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் 1998வரை சட்டப்படி குற்றவாளி. நாங்கள் எழுதியதெல்லாம் ‘காதல் தோல்வி’, ‘பரீட்சையில் சித்தியடையாமை’, ‘சித்தசுவாதீனமற்றவர் எனத் தெரிகிறது’. கடைசித் தொடரை எத்தனை முறை எழுதியிருப்பேன்! தெரிகிறது என்றால் யாருக்கு? பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசியில் பேசிய சார்ஜன்டுக்கு.

அந்த வீதம் பின்னர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. இந்த நாட்டு மக்களின் மனம் திடீரென்று தேறிவிடவில்லை. போர் நடந்துகொண்டுதான் இருந்தது, வறுமையும் இருந்தது. மிகக் கொடிய கிருமிநாசினிகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும், பரக்குவாட் முதலானவற்றை 2008க்குப் பின்னரும் தடைசெய்தார்கள். கோபத்திலோ அவமானத்திலோ ஒரு கணத்தில் போத்தலை எடுத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்த முடிவுக்குப் போகவில்லை. அத்தனை ஆயிரம் பேரும் சித்தசுவாதீனம் இல்லாதவர்களாயிருந்தால் இது நடந்திராது. எங்கள் செய்திகளில் நோய்க்குப் பெயர் வைத்தோம். வீட்டு மூலையில் இருந்த போத்தலைப் பற்றி எழுதவில்லை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் எதிர்த்திசையில் ஒரு கூத்து நடந்தது. உலகெங்குமிருந்து உளவளத்துணையாளர்கள் விமானத்தில் வந்திறங்கினார்கள். எல்லோர் பையிலும் ஒரே வினாக்கொத்து, ஒரே நோய்: நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் துயரத்துக்காகப் போராடிப் பெற்று, 1980இல் நூலில் ஏறிய பெயர் அது. கெட்ட பெயரல்ல. ஆனால் நம்மவரோ தலையிடி என்றார்கள், நெஞ்சு எரிகிறது என்றார்கள், பெருமூச்சு விட்டார்கள்; “என்னை விடுங்கோ, பிள்ளையை ஆர் பார்க்கிறது?” என்றார்கள். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே பல ஆண்டுகள் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்: நம்மிடையே துயரம் உடல்வழியே பேசும் என்று; காயம் தனிமனிதருடையது மட்டுமல்ல, குடும்பத்தினதும் ஊரினதும் என்று; சடங்குக்கு ஆற்றும் வலு உண்டு என்று. வெளியிலிருந்து வந்த பெயரை அவர் தள்ளிவிடவுமில்லை, அப்படியே விழுங்கவுமில்லை.

இப்போது ஒரு புதிய பெயர் வந்திருக்கிறது: நீடித்த துயரக் கோளாறு. 2022இல் அமெரிக்கக் கையேட்டில் ஏறியது. மரணம் நிகழ்ந்து 12 மாதம் கடந்தும் வாழ்வை முடக்குமளவுக்குத் துயரம் நீடித்தால் அது நோயாகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆறு மாதம். பண்பாட்டு வழக்கத்தையும் கருத வேண்டும் என்று ஒரு குறிப்பும் உண்டு. படித்தபோது எனக்கு ஆச்சரியம். எட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆட்டைத் திவசம் என்று துயரத்துக்குத் தவணை வைத்தவர்கள் நம் ஊரார். அமெரிக்க நிபுணர்களும் சுற்றிச் சுற்றி ஆட்டைத் திவசத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தவணை எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும்? 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் படங்களோடு அமர்ந்த தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். திவசம் செய்ய ஒரு திதி வேண்டும். அந்தியேட்டிக்குச் சாம்பல் வேண்டும். “மரணச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், மனம் ஆறும்” என்று சொன்னவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே காலமாகிவிட்டார்கள். அந்தத் துயரம் நோயென்றால், நோயைப் பரப்பியவர் யார் என்பதும் மருத்துவக் குறிப்பில் எழுதப்பட வேண்டும் அல்லவா?

அண்ணையின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். முடிக்கத் தயங்கினேன் என்பதே உண்மை.

ஒரு மாதத்துக்கு மேல் அவர் வைத்தியசாலையில் இருந்தார். அங்கொடையும் அல்ல அது. ஆனாலும் அலுவலகத்தில் “அங்கொடையிலிருந்து வந்துவிட்டாராம்” என்றுதான் பேச்சு. மரண அறிவித்தல் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்து, அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நல்லெண்ணத்தோடு ஒரு வேலையும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். வெற்று மேசையில் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் தானாகவே நின்றுவிட்டார்.

விடுதியில் நடந்தது அதற்கும் முன்பு. அவர் திரும்பி வருமுன் உரிமையாளர் எங்களைக் கூப்பிட்டு, “இப்படிப்பட்டவரை வைத்திருந்தால் பொலிஸ் வரும்போது ஏதாவது உளறிவிடுவார், எல்லோருக்கும் பிரச்சினை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். ஐந்து பேர் இருந்தோம். ஒருவர் மறுத்திருந்தாலும் போதும். வைத்தியர் முன்னால் அவ்வளவு சாமர்த்தியமாக அவருக்காக வாதாடிய நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய பெட்டியைக் கொட்டாஞ்சேனையில் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். “அறை திருத்துகிறார்கள் அண்ணை” என்றேன். “ஓம், ஓம்” என்றார். டிரான்சிஸ்டரை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

கடைசியாக அவரைக் கண்டது 2003இல், போர்நிறுத்த காலத்தில், மருதானை ரயில் நிலைய மேடையில். தலை முழுக்க வெளுத்திருந்தது. கை சற்று நடுங்கியது. மற்றபடி நன்றாகவே இருந்தார். மனைவியும் மகளும் வவுனியாவுக்கு வந்துவிட்டதாகவும், அவர்களிடம்தான் போவதாகவும் சொன்னார். மருந்து தவறாமல் எடுக்கிறாராம். மகனைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் பத்திரிகையை வாங்கிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். முதற்பக்கத்திலேயே இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை என்று விரித்துக் காட்டினார்.

அருகில் நின்றவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்புபோலவே என் காதருகே வந்தார். எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

“தம்பி, இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை” என்றார்.

ரயில் வந்தது. பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டேன்.